நான் லெவல் எடுத்த பாலம்

அந்தக் கண்ணாடிய ஏத்தி உடுங்க சார். இன்னுங் கொஞ்சம். ஆமா, அப்புடி. சாரல் அடிச்சா அடிக்குது, சட்டை நனைஞ்சாக் காஞ்சுக்கும். எனக்குக் காத்து வேணுமுங்க. பயமெல்லாம் இல்லீங்க. பஸ்ஸுல என்ன பயம்? இது மேட்டுல ஏறவே மூச்சு வாங்குது, தண்ணியில முழுகோணும்னாலும் நாலு பேரு பின்னாடி நின்னு தள்ளி உடோணும்.

எனக்கு பஸ்ஸு பழக்கமில்லீங்க. இருபது வருசமா காருதான். இப்ப நாப்பது நாளா இந்தக் கெரகம். பக்கத்துல ஒக்கார்றவனெல்லாம் தோள்ல சாஞ்சு தூங்கறான், வாயில எச்சி வடியுது. உங்களைச் சொல்லலீங்க. நீங்க காலை ஒடுக்கி ஒக்காந்திருக்கீங்க, படிச்சவராட்டத் தெரியுது. அதனாலதான் பேசறேன், இல்லாட்டி கண்டவங்கிட்ட நான் பேசறதில்ல. என்ற பேரு அவிநாசியப்பன். ரோடு போடற டிபார்ட்மெண்டுல முப்பத்தஞ்சு வருசம், ஓவர்சீயரா இருந்து ரிட்டையர் ஆனேன்.

செட்டிக்காட்டுப் பிரிவுல எறங்கறேனுங்க. பொண்டாட்டியக் கூட்டியாரப் போறேன். சாந்தாமணின்னு பேரு. அவ தம்பி ஊட்டுல போயி ஒக்காந்துக்கிட்டா. ஒடம்பு சரியில்ல, நோம்பி நொடின்னு போனாப் பரவால்ல. முப்பது வருசம் குடும்பம் நடத்துன பொம்பள, ஒரு காரு தண்ணியில எறங்கிப் போச்சுங்கறதுக்காக ஊட்டை உட்டுப் போவாளுங்களா? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், கேளுங்க.

அவ தம்பி பேரு தெய்வசிகாமணி. பேரு மட்டுந்தான் பெருசு. தொழில் என்னன்னு நெனைக்கறீங்க? கெணத்துல எறங்கறது! தோட்டத்துக் கெணத்துல மோட்டாரு முழுகிப் போச்சுன்னா இவனைக் கூப்புடுவாங்க. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு உள்ள முழுகி, மோட்டாரைக் கழட்டிக் கட்டி, மேல அனுப்பி உடுவான். வருசத்துல முந்நூறு நாளு ஈரத்துல கெடக்கறவன். தவளைக்கும் அவனுக்கும் என்னங்க வித்தியாசம்? மனுசன் சட்டைப் பையில பேனா வெப்பான், இவன் கட்டிங் பிளேயர் வெப்பான். எழவுக்கும் அதோடதான் வருவான், கல்யாணத்துக்கும் அதோடதான் வருவான். இவனை மச்சினன்னு நாலு பேருகிட்டச் சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கும்.

வண்டியப் பத்தி மொதல்ல சொல்லிர்றேன். வெள்ளைக் காரு. வாங்கி நாலு வருசமாச்சு, சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் கவரை நான் இன்னும் பிரிக்கலீங்க. கம்பெனில எப்புடிக் குடுத்தானோ அப்புடியே. தலை சாய்க்கற கட்டை இருக்குது பாருங்க, அதுக்கும் பிளாஸ்டிக். ஒறம்பரை, சொந்தபந்தம்னு ஏறி ஒக்காந்தா மொறுமொறுன்னு சத்தம் வரும். முதுகு ஒட்டுது, வேர்க்குதும்பாங்க. ஒட்டட்டும். முதுகைக் கழுவிக்கலாம், சீட்டுத் துணியில கறை பட்டா என்ன பண்றது? சாந்தாமணி கேப்பா, "இதை எப்பங்க பிரிப்பீங்க?"ன்னு. "நல்ல நாள் பாத்துப் பிரிக்கறேன்"னு சொல்லி வெச்சிருந்தேன். முன்கண்ணாடி மொதக்கொண்டு கருப்பா கூலிங் பேப்பரும் ஒட்டியிருந்தேன், உள்ள ஆளிருக்கறதே வெளிய தெரியாது. ஒட்டக் கூடாதுன்னு சட்டமாம். சட்டமெல்லாம் ஊர்ல இருக்கறவனுக்குங்க, டிபார்ட்மெண்ட் ஆளை எவன் கேப்பான்?

அந்தப் பிளாஸ்டிக் கவர்ல ஒரு சின்ன எடைஞ்சல். பக்கத்துச் சீட்டு பெல்ட்டைக் கழட்டற கொக்கி கவருக்கு அடியில போயிருச்சு. ரெண்டு விரலை உள்ள உட்டு, அக்கட்டாலத் திருப்பி, ஒரு அமுக்கு அமுக்கோணும். அது எனக்கு மட்டுந்தான் வரும். சாந்தாமணி ஏறுனா நான் மாட்டி உடுவேன், எறங்கோணும்னா நான் கழட்டி உடுவேன். நாலு வருசமா அவளுக்கு அந்தச் சூட்சுமம் புடிபடல. ஒரு பெல்ட்டைக் கழட்டத் தெரியாதவளத்தான் சார் நான் முப்பது வருசமாக் கட்டி மேய்க்கறேன்.

அன்னிக்கு ஒரு கல்யாணம். ஐப்பசி மழை, மூணு நாளா உடாமப் பேஞ்சு அன்னிக்குக் காலையிலதான் உட்டிருந்துச்சு. போற வழியில தம்பியையும் ஏத்திக்கலாம்னு சாந்தாமணி சொன்னா. வேண்டாம்னு சொன்னா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. சரின்னு ஏத்துனேன். "மாப்ள, துண்டை விரிச்சு ஒக்காரு"ன்னேன். வெள்ளை வேட்டிதான் கட்டியிருந்தான், ஆனாலும் கிரீசு எங்க இருக்கும்னு யாரு கண்டா? விரிச்சு ஒக்காந்தான். மானம் ரோசம் இருக்கறவனா இருந்தா எறங்கி பஸ்ஸுல வந்திருப்பான்.

கருக்கம்பாளையத்துல ரயில் ரோட்டுக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை இருக்குதுங்க. பாலத்தடின்னு சொல்லுவாங்க. அந்தப் பாலத்தடிக்கு லெவல் எடுத்தவனே நான்தானுங்க! தொண்ணூத்தாறாம் வருசம், மேடு பள்ளம் அளக்கற கருவிய முக்காலி மேல நிறுத்தி, உச்சி வெயில்ல ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாரம் நின்னு எடுத்தது. தண்ணி எங்க வரும், எங்க வடியும், எவ்வளவு நிக்கும், அத்தனையும் எனக்கு மனப்பாடம். முழங்காலுக்கு மேல ஒரு சொட்டு ஏறாது. அப்புறமா வந்தவனுங்க ஒழுங்கா வடிகாலைத் தூர் வாரலீன்னா அது என்ற தப்புங்களா?

நாங்க போறப்ப தண்ணி நின்னுச்சு. ஒரு பால் வண்டிக்காரன் போக முடியாம ஓரமா நின்னுக்கிட்டிருந்தான். டிரைவரு, அவங்கூட ஒரு ஆளு. இன்னொரு பொம்பள, ஆடு மேய்க்கறவ, நாலஞ்சு ஆட்டோட நின்னா. எங்களைப் பாத்ததும் கையைக் கையை ஆட்டறாங்க. "ஏனுங்க, போகாதீங்க, ஆழமா இருக்குது"ங்கறா அந்தப் பொம்பள. எனக்கு ஆழம் சொல்றா! லெவல் எடுத்தவனுக்கு ஆடு மேய்க்கறவ ஆழம் சொல்றா!

பின்னாடியிருந்து சிகாமணி, "மச்சான், செவுத்துல ஆழங் காட்டற மஞ்சக்கோடு முழுகியிருக்குதுங்க. திருப்பிக்கலாம்"னான்.

"நீ கெணத்தைப் பாரு மாப்ள, ரோட்டை நான் பாத்துக்கறேன்"னு சொல்லி எறக்குனேன்.

பாதி வரைக்கும் ஒண்ணுமில்லீங்க. திடீருன்னு மூக்கு சாஞ்சுது. என்ஜின் ரெண்டு தடவை இருமுச்சு, நின்னு போச்சு. காரு தண்ணியில மெதக்குதுங்க! காலுக்கு அடியில ரோடு இல்லாத மாதிரி ஒரு ஆட்டம். சாந்தாமணி டேஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டு, "ஏனுங்க, ஏனுங்க"ங்கறா. ஏனுங்கன்னா நான் என்ன பண்ணட்டும்?

இந்த சிகாமணி கத்தறான். "மச்சான், கண்ணாடிய எறக்குங்க. இப்பவே எறக்குங்க. கரண்ட்டு செத்துப் போச்சுன்னா எறங்காது. கதவை நம்பாதீங்க, வெளித்தண்ணி அமுக்கிரும்."

கெணத்துத் தவளை எனக்குக் காரைப் பத்திச் சொல்லித் தருது. கண்ணாடிய எறக்குனா சேத்துத் தண்ணி உள்ள வருமா வராதா? நாலு வருசம் பிரிக்காம வெச்ச சீட்டு என்ன ஆகறது? "வாய மூடிக்கிட்டு ஒக்காரு"ன்னு சொல்லிட்டுச் சாவியத் திருகுனேன். திருகித் திருகிப் பாத்தேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். அதுக்குள்ள முன்பக்கம் அமுந்துக்கிட்டே போகுது, காலு நனையுது, டேஷ்போர்டுல இருந்த வெளக்கெல்லாம் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. அப்பறம் கண்ணாடி சுவிட்சை அமுக்குனேன். செத்துப் போச்சு. கதவைத் தோளால முட்டுனேன், செவுத்தை முட்டுன மாதிரி இருந்துச்சு. அவன் சொன்னது ஒரு நிமிசம் முந்தித்தான், இல்லீங்களா? ஒரு நிமிசத்துல இப்புடி ஆகும்னு எவனுக்குத் தெரியும்? தெரிஞ்சவனாட்டப் பேசறது சுலபம்.

சிகாமணி பிளேயரை எடுத்துப் பின்கதவுக் கண்ணாடிய நாலு தட்டு தட்டுனான். அசையல. உடனே சாந்தாமணி சீட்டுத் தலைக்கட்டையப் புடிச்சு இழுக்கறான். அதைக் கழட்டுனா அடியில ரெண்டு இரும்புக் கம்பி இருக்கும், அதைக் கண்ணாடி இடுக்குல குத்தி நெம்பலாம்னு அவன் ரோசனை. எங்க வரும்? பிளாஸ்டிக் மாட்டியிருக்குதே, இழுக்க இழுக்க வழுக்குது. பரபரன்னு கிழிக்க ஆரம்பிச்சான். "கவரைக் கிழிக்காதடா!"ன்னு கத்துனேன். ஆமாங்க, கத்துனேன். அந்த நேரத்துல மனுசன் வாயில என்ன வரும்னு யாரு கண்டா? அவன் பல்லுல கடிச்சுக் கிழிச்சான். பல்லுல! நாய் எலும்பைப் புடுங்கற மாதிரி. கட்டையப் புடுங்கி, கம்பிய இடுக்குல சொருகி, காலை ஒதைச்சு ஒரு நெம்பு நெம்புனான். கண்ணாடி வெடிச்சுது. கூலிங் பேப்பர் ஒட்டியிருந்ததுனால உதிராம, துணியாட்டத் தொங்குச்சு. அதைக் கையாலயே கிழிச்சு வெளிய தள்ளுனான். தண்ணி குபுகுபுன்னு உள்ள வந்துச்சு.

அப்ப நான் வெளிய வந்தேனுங்க. முன்சீட்டுலிருந்து பின்சீட்டுக்குத் தாவி, அந்த ஓட்டை வழியா. சாந்தாமணி தோள்மேல கால் வெச்சுட்டேன்னு சொல்றா. வேற எங்க வெப்பேன்? கழுத்துக்குத் தண்ணி, கண்ணு தெரியல, தோளா தலையான்னு பாத்தா மிதிக்க முடியும்? ஒருத்தன் வெளிய போனாத்தான சார் இன்னொருத்தருக்குக் கை குடுத்து இழுக்க முடியும்? அந்த ரோசனையிலதான் வந்தேன். வந்து பாத்தா நிக்க எடமில்ல. சரி, கரைக்குப் போயி ஆள் சேக்கலாம்னு போயிட்டேன்.

பெல்ட்டுங்களா? ஆமா, அவ பெல்ட்டு மாட்டித்தான் இருந்துச்சு. நான்தான் மாட்டி உட்டிருந்தேன். ஆமா, எனக்கு மட்டுந்தான் கழட்ட வரும். அதை முன்னாடியே சொன்னேனே, திருப்பி எதுக்குக் கேக்கறீங்க?

கரைக்கு வந்துட்டேன். பால் வண்டிக்காரன் போனை நீட்டி வீடியோ புடிச்சுக்கிட்டிருக்கறான். ஊர் உலகத்துல எழவு நடந்தாலும் இவனுங்களுக்குப் படம் வேணும். அவங்கூட வந்த ஆளு ஆட்டுக் கயித்தையெல்லாம் முடிஞ்சு இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கறான். அந்தப் பொம்பள எங்கிட்ட ஓடியாந்து, "உள்ள ஆளிருக்குதுங்களா?"ன்னு கேட்டா. அந்த நேரம் பாத்து மேல ரயில் வந்துருச்சு. கூட்ஸு. எத்தனை பெட்டியோ, தடதடன்னு போய்க்கிட்டே இருக்குது. நான் பதில் சொன்னேன். "என்ற பொண்டாட்டி உள்ள இருக்கறா, காப்பாத்துங்க"ன்னு சொன்னேன். வீடியோவுல ரயில் சத்தந்தான் கேக்குது. நான் கையை ஆட்டறதும் வாய் அசையறதும் தெரியுது, பேச்சு வரல.

அப்பறம் ஒருத்தனும் எறங்கலீங்க. நின்னு வேடிக்கை பாத்தானுங்க. ஏன் எறங்கலன்னு எங்கிட்டக் கேட்டா? அவனுங்களைப் போயிக் கேளுங்க. ஊர்க்காரனுங்க லட்சணம் அவ்வளவுதான்.

ரயில் போனப்பறம் சிகாமணி தலை தெரிஞ்சுது. ஒரு மூச்சு எடுத்துட்டுத் திருப்பி உள்ள போனான். அப்பத்தான் அந்தக் கயித்துக்காரன் "அய்யோ, ஆளிருக்குது"ன்னு கத்திக்கிட்டுத் தண்ணியில குதிச்சான். உள்ள இவன் பிளேயர்ல பெல்ட்டை அறுத்திருக்கறான். ஒரு கையில அவளைப் புடிச்சு, இன்னொரு கையில ஒடஞ்ச கண்ணாடி வெளிம்பைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நின்னிருக்கறான், ஆள் வருவாங்கன்னு. கயித்துக்காரன் போயித்தான் ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்தான். சாந்தாமணிக்கு நெனவில்ல. அந்த ஆட்டுக்காரி அவளை ஒருச்சாச்சுப் படுக்க வெச்சு முதுகைத் தட்டித் தட்டித் தண்ணி எடுத்தா. இருமி, கண்ணைத் தொறந்து பாத்தா. மொதல்ல யாரைப் பாத்தாங்கறீங்க? அவ தம்பியத்தான். நான் தலைமாட்டுலயே நின்னேன்.

ஆசுபத்திரில ரெண்டு நாளு. எங்கூட ஒரு வார்த்தை பேசல. மூணாம் நாளு நேரா செட்டிக்காட்டுக்குப் போயிட்டா. சிகாமணிக்கு வலது கையில நரம்பு அறுந்து போச்சாம், மூணு விரலு மடங்க மாட்டேங்குதாம். ஒம்போது தையலு. அதுக்கு என்னமோ போருக்குப் போயிட்டு வந்தவனாட்ட ஊரே வந்து பாக்குது. எனக்கும்தான் முட்டியில சிராய்ப்பு, எவன் வந்து கேட்டான்?

இப்ப என்ன நடக்குது தெரியுங்களா? அவன் ஒத்தக் கையை வெச்சுக்கிட்டுக் கெணத்துல எறங்கறான். மேல நின்னு கப்பிக் கயித்தைப் புடிக்கறது யாரு? சாந்தாமணி! ஓவர்சீயர் பொண்டாட்டி, முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, கெணத்து மேட்டுல நின்னு கயிறு புடிக்கறா! ஊரே பாத்துச் சிரிக்காதுங்களா? "அவன் கை எனக்காகப் போன கை, அது சரியாகற வரைக்கும் நான் புடிக்கறேன்"ங்கறா. எனக்கு வெக்கமாப் போச்சுங்க.

ரெண்டு தடவை போயிக் கூப்புட்டேன். சிகாமணி என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க மச்சான், ஒக்காருங்க"ன்னு இடது கையில நாக்காலிய இழுத்துப் போட்டான். டீ வெச்சுக் குடுத்தான். ஒரு வார்த்தை குத்திப் பேசல. அவ்வளவும் நடிப்புங்க. மனசுல இருக்கறதைச் சொல்றதுக்கு ஒரு தெம்பு வேணும், அது அவங்கிட்ட இல்ல. ரெண்டாந் தடவை போனப்ப, "அக்கா, மச்சான் இத்தனை தூரம் வந்திருக்கறாரு, போயிட்டு வாக்கா"ன்னு அவனே சொல்றான். பாத்துக்கங்க, எவ்வளவு கள்ளத்தனம்.

அவ அசையல. எங்கியோ அந்த வீடியோவைப் பாத்திருக்கறா. எத்தனை தடவை பாத்தாளோ. கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டே கேக்கறா. "அந்தம்மா உள்ள ஆளிருக்குதான்னு கேட்டுச்சு. நீங்க கையை ஆட்டறீங்க. என்ன சொன்னீங்க?"

"உன்னையக் காப்பாத்தச் சொன்னேன் சாந்தா"ன்னேன்.

திரும்பிக் கயித்தைப் புடிச்சுக்கிட்டா. ரெண்டாந் தடவையும் அதையேதான் கேட்டா, நானும் அதையேதான் சொன்னேன். அப்ப சொன்னா, "நீங்க என்ன சொல்லியிருந்தாலுஞ் சரிங்க. நெசத்தை உங்க வாயால ஒரு தடவை சொல்லிப் போடுங்க, அன்னிக்கே பொட்டியக் கட்டிக்கிட்டு வர்றேன். அது தெரியாம என்னால அந்த ஊட்டுக்குள்ள ஒக்காந்து சோறு திங்க முடியாது"ன்னு. சாட்சிக்கு ஆளில்ல சார். ஆட்டுக்காரிக்கும் ரயில் சத்தத்துல காது கேக்கல, நான் கையாட்டறதைத்தான் பாத்திருக்கறா. எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் சொன்னதுதான் நெசம்னு இருந்துட்டா என்ன கொறஞ்சு போகுது இவளுக்கு? பொம்பளைக்கு எதுக்குங்க இத்தனை பிடிவாதம்?

வெளிய பாருங்க, எது வந்திருக்குது? காத்தாடி மில்லா? அப்பச் செட்டிக்காட்டுக்கு இன்னும் ரெண்டே ஸ்டாப்பு.

ஊடு எப்புடி இருக்குது தெரியுங்களா? ஒரு சத்தமில்ல. காலையில எந்திரிச்சு, "சாந்தா, தண்ணி கொண்டா"ன்னு கூப்புட்டுட்டு அப்பறம் ஞாபகம் வந்து ஒக்காந்திருக்கறேன். அவ இல்லாம எனக்கு முடியலீங்க. இதை வேற எவங்கிட்டயும் சொன்னதில்ல.

சார், நான் அப்புடிச் சொல்லலீங்க. பொண்டாட்டி இருக்கறா, காப்பாத்துங்கன்னு நான் சொல்லல.

ஆட்டுக்காரி கேட்டா, உள்ள ஆளிருக்குதான்னு. நான் கையை ஆட்டி, "யாருமில்லீங்க"ன்னேன்.

அந்தக் கயித்துக்காரன் முழங்கால் தண்ணி வரைக்கும் எறங்கிட்டான் சார். நான் கையாட்டுனதைப் பாத்துட்டுத்தான் நின்னான். நின்னு கயித்தை அவுத்துக்கிட்டிருந்தான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

யோசிச்செல்லாம் சொல்லலீங்க. இருக்கறான்னு சொன்னா, யாருன்னு கேப்பா. பொண்டாட்டின்னு சொல்லோணும். பொண்டாட்டி உள்ள கெடக்கறப்ப நீ எப்புடிய்யா வெளிய வந்து நிக்கறேன்னு கேட்டுருவா. ஆடு மேய்க்கறவ என்னையப் பாத்து அதைக் கேட்டுருவா. அதுக்குத்தாங்க பயந்துட்டேன். தண்ணிக்குக் கூட நான் அவ்வளவு பயப்படல.

உங்ககிட்டச் சொல்ல முடியுது. நீங்க எனக்கு யாரு? இந்த பஸ்ஸை உட்டு எறங்குனா உங்க மூஞ்சிய நான் மறுபடி பாக்கப் போறதில்ல. சாந்தா அப்புடியா? அவ மூஞ்சிய நான் செத்துப் போற வரைக்கும் பாக்கோணும்.

என்னங்க, அந்தப் பக்கந் திரும்பிக்கிட்டீங்க? ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். அவளும் இப்புடித்தான் திரும்பிக்குவா. தெரியும்.

பொட்டியக் கட்டறேன்னு சொன்னா. கேட்டதுக்கப்பறமும் கட்டுவாளாங்கறதை நான்தான் போயிப் பாக்கோணும்.

கண்டக்டர் விசிலடிக்கறான் பாருங்க. காலைச் சித்தெ நகத்துங்க சார், எறங்கோணும்.